பக்கம் மாறினால் குறி மாறுவது ஏன்?

எண்ணையும் எழுத்தையும் மனிதனுக்கு வாய்த்த இரு கண்கள் எனக் கொண்டாடிய சமுதாயம் எங்களுடையது. புலம்பெயர்ந்து வந்த இப்பனி மண்ணில், எழுத்து என்னும் கண்ணின் ஒளி மங்கிவிடலாகாது என்னும் அச்சத்தினால் வார இறுதிப் பள்ளிகளை அமைத்தோம். ஆனால் எண் என்னும் மற்றைய கண்ணைப் பற்றி நாம் அவ்வளவாகக் கவலை கொள்ளவில்லை. கணிதத்திற்கு மொழி இல்லை, அதை நோர்வேஜியப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணிவிட்டோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன். அந்த எண்ணம் பிழையானது என்பதை என் பிள்ளைகளிடமிருந்து கற்றுக்கொண்டேன். ஆண்டு விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, அந்த அனுபவத்தையே எழுதுவது பெற்றோருக்கும் மாணவருக்கும் பயன்படும் எனத் தோன்றியது.

நான் 1988 ஆம் ஆண்டு நோர்வேக்கு வந்தேன். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் தூய கணிதமும் பிரயோக கணிதமும் கற்றவன். வந்த புதிதில் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலை, பின்னர் ஒஸ்லோவில் துப்புரவு வேலை என்று காலம் ஓடியது. ரொம்சோசில் குடியேறிய பின்னர்தான் வாழ்க்கை ஓரளவு நிலைகொண்டது. 1974 இல் பாறையைக் குடைந்து அமைத்த நிலக்கீழ்த் தொடருந்து நிலையத்திலிருந்து மேலேறி, வாகனங்கள் உள்ளே வராத நடைபாதைகளில் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற நாள்கள் இன்றும் கண்முன் நிற்கின்றன. என் கையில் இருந்த ஒரே சொத்து கணிதம் என்றும், அதை என் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னால் முடியும் என்றும் அப்போது நம்பியிருந்தேன்.

2013 ஆம் ஆண்டு என் மகள் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை சமன்பாடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி ஏழைக் கூட்டினால் இருபத்திரண்டு வருகிறது, அந்த எண் யாது? மிக எளிய கணக்கு. ஏழை மறுபக்கம் கொண்டுபோனால் சக ஏழு சய ஏழாகும், இருபத்திரண்டில் ஏழு போகப் பதினைந்து, மூன்றால் வகுத்தால் ஐந்து என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன்.

"அப்பா, அங்கால போனா ஏன் சைன் மாறுது?" என்று கேட்டாள்.

"அதுதான் விதி" என்றேன்.

"விதியெண்டால் ஏன்?"

எனக்கு மறுமொழி வரவில்லை. "ஏனென்று கேட்காதே, செய்யப் பழகு" என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன். என் ஆசிரியர்கள் எனக்குச் சொன்னதையே நானும் சொன்னேன். அவள் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாள். அதன் பின்னர் ஏறத்தாழ ஓராண்டு காலம் கணிதத்தில் ஐயம் கேட்டு அவள் என்னிடம் வரவேயில்லை. அவள் என் கோபத்துக்கு அஞ்சினாள் என்றே முதலில் நினைத்தேன். எனக்கு விடை தெரியாது என்பதை அவள் கண்டுகொண்டாள் என்பதே உண்மை.

அதற்கு விடை தந்தவன் ஏழு வயதான என் இளைய மகன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டுக்கணினியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். திரை இரு பாதிகளாகப் பிரிந்திருந்தது. இரு பக்கமும் விலங்குப் படங்கள் வரைந்த அட்டைகள். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைத் தனித்து நிற்கச் செய்வதே விளையாட்டு. ஒவ்வோர் அட்டைக்கும் அதன் எதிர் அட்டை உண்டு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை சுழலாகி மறைந்துவிடும். ஆனால் ஒரு பக்கத்தில் புதிதாக ஓர் அட்டையை வைத்தால், மறுபக்கத்திலும் அதே அட்டையை வைத்தே ஆகவேண்டும். வைக்காவிட்டால் விளையாட்டு மேலே நகராது. படிகள் செல்லச் செல்ல, விலங்குகள் மறைந்து எண்களும் எழுத்துகளும் வருகின்றன. இறுதியில் அந்தப் பெட்டி 'எக்ஸ்' ஆகிவிடுகின்றது. ஏழு வயதுக் குழந்தை அட்சரகணிதம் செய்துகொண்டிருந்தான், அது அட்சரகணிதம் என்று அறியாமலே.

அவனருகே அமர்ந்து பார்த்தபோதுதான் என் மகளின் கேள்விக்கு விடை விளங்கியது. எதுவும் பக்கம் மாறுவதில்லை. ஏழைத் தொலைப்பதற்காக இரு பக்கத்திலும் ஏழைக் கழிக்கிறோம். இடப்பக்கத்தில் சக ஏழும் சய ஏழும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, வலப்பக்கத்தில் சய ஏழு எஞ்சி நிற்கிறது. அவ்வளவே. தராசின் ஒரு தட்டில் எடுத்ததை மறுதட்டிலும் எடுப்பது. சந்தையில் எங்கள் பாட்டிமார் அறிந்திருந்ததை, உயர்தரம் வரை கற்ற நான் ஒரு சூத்திரமாக மட்டுமே மனனம் செய்து வைத்திருந்தேன்.

அந்த விளையாட்டின் பெயர் டிராகன்பொக்ஸ். 2012 இல் நோர்வேயிலேயே உருவாக்கப்பட்டது என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன். அதை ஆக்கியவர்களுள் முதன்மையானவர் ழான் பப்டிஸ்ட் ஹுயின் என்னும் பிரெஞ்சு வியட்நாமியர், கணித ஆசிரியராக இருந்தவர். அவரும் எம்மைப் போல் வேறு மண்ணில் வேர் கொண்டவர். 2019 இல் அதனைக் கஹூட் என்னும் மற்றொரு நோர்வே நிறுவனம் வாங்கிக்கொண்டது. வினாவிடைப் போட்டிகளுக்கான கஹூட்டை இம்மலரைப் படிக்கும் மாணவர் எவருக்கும் அறிமுகம் செய்யத் தேவையில்லை.

அன்றிரவு மகளை அழைத்து, "நீ கேட்டது சரியான கேள்வி, அப்பாவுக்குத்தான் தெரியாமல் இருந்தது" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வேறொரு கணக்குடன் வந்தாள்.

அதன் பின்னரே அவளது பாடநூலை நான் ஒழுங்காகத் திறந்து பார்த்தேன். நாம் கற்ற முறைக்கும் இங்குள்ள முறைக்கும் எத்தனை வேறுபாடுகள்! வகுத்தலுக்கு இங்கே இரு புள்ளிகளை இடுகிறார்கள். பெருக்கலுக்கு நடுவே ஒரு புள்ளி. தசமத்திற்கு நாம் புள்ளி வைப்போம், இவர்கள் காற்புள்ளி வைப்பார்கள். எண்களைச் சொல்லும் முறைக்குக்கூட இந்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. முன்னர் நோர்வேஜியர்கள் இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று தலைகீழாகவே சொல்லிவந்தனர். தொலைபேசி எண்களைச் சொல்வதில் குழப்பம் ஏற்பட்டதால், 1951 இல் அரசு அதனை மாற்றி, பத்தை முன்னும் ஒன்றைப் பின்னும் சொல்லும் முறையை நடைமுறைப்படுத்தியது. அதாவது 'இருபத்தொன்று' என்று நாம் சொல்லும் ஒழுங்குக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆயினும் முதியவர்கள் பலர் பழைய முறையிலேயே இன்றும் சொல்வதுண்டு. கணிதத்திற்கு மொழி இல்லை என்பது எவ்வளவு பிழையான கூற்று என்பதை இவை உணர்த்தின.

மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது ஜியோஜீப்ரா என்னும் கருவி எங்கள் வீட்டிற்குள் வந்தது. ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்னும் மாணவர் 2001 இல் தமது முதுநிலை ஆய்வுக்காகத் தொடங்கிய பணி அது. தனிப்பட்ட கற்றலுக்குக் கட்டணம் இல்லை. நோர்வேயின் பள்ளிகளிலும், துணைக்கருவிகள் அனுமதிக்கப்படும் பரீட்சைப் பகுதியிலும் அதுவே பெரிதும் பயன்படுகிறது. நேர்கோட்டின் படித்திறனை மாற்றும் வழுக்கியை விரலால் நகர்த்த, கோடு கண்முன்னே நிமிர்வதையும் சாய்வதையும் காணலாம். வரைபுத்தாளில் புள்ளி புள்ளியாகக் குறித்து ஒரு பரவளைவை வரைய நான் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டவன். என் மகள் ஒரு நிமிடத்தில் இருபது பரவளைவுகளைக் கண்டாள்.

ஆனால் இங்கேதான் எனக்கும் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது. ஒரு நாள் அவள் திரையில் ஒரு முக்கோணியை வரைந்து, அதன் உச்சியைப் பிடித்து இழுத்து, "எப்படி இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைதான், பாருங்கோ அப்பா, நிறுவியாச்சு" என்றாள். "ஆயிரம் முக்கோணிகளைப் பார்த்தாய், ஆயிரத்தோராவது முக்கோணி எப்படி இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று இம்முறை 'ஏன்' கேட்டவன் நான். பின்னர் ஒரு தாளை எடுத்து, உச்சியினூடாக அடிக்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைந்தேன். அடியின் இரு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே வந்து அமர, மூன்றும் ஒரு நேர்கோட்டில் நிறைந்தன. அவள் சிறிது நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவி காட்டும், ஆனால் நிறுவாது. என் ஆசிரியர் கரும்பலகையில் கற்பித்த நிறுவலுக்கு முப்பது ஆண்டுகளின் பின் ரொம்சோசில் ஒரு பயன் கிடைத்தது.

எல்லாக் கருவிகளும் இவ்வாறு நன்மையே செய்தன என்று சொல்வதற்கில்லை. 2019 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், எட்டாம் வகுப்பில் இருந்த என் மகனின் வீட்டுப்பாடங்கள் யாவும் பிழையின்றி இருந்தன. நானும் மகிழ்ந்திருந்தேன். துணைக்கருவிகள் இன்றி எழுதிய வகுப்புச் சோதனையில் மட்டும் தாள் ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. விசாரித்தபோது, கைத்தொலைபேசியின் ஒளிப்படக் கருவியைக் கணக்கின்மேல் பிடித்தால் விடையையும் படிமுறைகளையும் தரும் போட்டோமத் என்னும் செயலியைப் பார்த்து எழுதியிருக்கிறான். 2014 இல் குரோவேசியாவில் உருவான செயலி அது. செயலியில் குற்றம் இல்லை. விடையைச் சரிபார்க்கவும், தவறிய படியைக் கண்டறியவும் அது நல்ல துணை. விடையை அது தந்துவிட்டதால் சிந்திக்கும் வேலை முடிந்தது என்று என் மகன் கருதியதும், பிழையில்லாத கொப்பியைப் பார்த்து 'எப்படிச் செய்தாய்' என்று ஒருமுறையேனும் நான் கேளாததுமே குற்றங்கள். 2022 நவம்பரில் வெளிவந்த சட்ஜிபிடி போன்ற உரையாடற் கருவிகளுக்கும் இது பொருந்தும். அவை பிழையான படிமுறையையும் மிகுந்த உறுதியுடன் எழுதிக் காட்டக்கூடியன. சரி பிழை அறியும் திறன் நம்மிடம் இல்லையெனில் அவற்றால் நமக்கு இடரே.

2020 மார்ச் 12 ஆம் நாள், கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக நோர்வேயின் பள்ளிகள் யாவும் மூடப்படுவதாக அரசு அறிவித்தது. எங்கள் வார இறுதிப் பள்ளியும் மூடப்பட்டது. அந்த நாள்களில்தான் என் அண்ணா எங்கள் வீட்டிற்குள் வந்தார், திரையின் வழியாக. அவர் யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "அவனை என்னட்டை விடு" என்றார். கோடை நேரத்தில் எமக்கும் இலங்கைக்கும் மூன்றரை மணி நேர வேறுபாடு. இங்கே காலை பத்து மணிக்கு மகன் மேசையில் அமர்வான். அங்கே பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பெரியப்பா விறாந்தையில் பழைய கரும்பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து, கைத்தொலைபேசியை மாப்பேணி ஒன்றின்மேல் நிறுத்தி, வெண்கட்டியுடன் நிற்பார்.

பின்னாளில் கான் அக்கடமியின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு இக்காட்சியே நினைவுக்கு வந்தது. பங்களாதேச வேரினரான சல்மான் கான் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இருந்துகொண்டு, தொலைவில் இருந்த தம் உறவினர் சிறுமி நாடியாவிற்கு 2004 இல் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். உறவினர் பலர் சேர்ந்தனர். 2006 முதல் பாடங்களைக் காணொளிகளாக யூடியூப்பில் ஏற்றினார். இன்று உலகெங்கும் பிள்ளைகள் கட்டணமின்றிக் கற்கும் தளம் அது. அதன் தொடக்கமும் ஒரு குடும்பப் பாசமே.

முதல் வாரத்திலேயே பெரியப்பாவுக்கும் மகனுக்கும் மொழிச் சிக்கல் எழுந்தது. அவர் 'பகுதி', 'தொகுதி' என்றார். அவனுக்கு 'நெவ்னர்', 'தெல்லர்' மட்டுமே தெரியும். அவர் 'பின்னம்' என்றால் அவன் விழித்தான், 'ப்ரோக்' என்றதும் தெளிந்தான். ஆகவே ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் கீறினோம். முதல் நிரலில் தமிழ்ச் சொல், இரண்டாவதில் நோர்வேஜியச் சொல், மூன்றாவதில் குறியீடு அல்லது படம். சொற்களைத் தேட இருவழிகள் கிடைத்தன. ஒன்று, நோர்வேஜிய மொழியிலிருந்து தமிழுக்குப் பொருள் தரும் லெக்சின் இணைய அகராதி. மற்றையது, இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் இணையத்தளத்தில் இலவசமாக வைத்துள்ள தமிழ்மொழிப் பாடநூல்கள். இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு. ஒன்பதாம் தர நூலை மகன் இங்கும் பெரியப்பா அங்கும் ஒரே பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வார்கள். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய பாடநூல்களும் உள்ளன. இடம்பெயர்ந்தபோது புத்தகங்களை விட்டுவிட்டு ஓடி வந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பக்கங்களின் அருமை தெரியும்.

ஒரு நாள் பெரியப்பா கேட்டார்: "தம்பி, அரையில் கால் எவ்வளவு?" மகன் தாளில் பெருக்கத் தொடங்கினான். "தாள் வேண்டாம், தமிழிலை சொல்லிப் பார்" என்றார். அரை, கால், அரைக்கால். எட்டில் ஒன்றுக்குத் தமிழில் பெயரே 'அரைக்கால்' என்றும், காலும் அரைக்காலும் சேர்ந்தது 'காலே அரைக்கால்', அதாவது எட்டில் மூன்று என்றும், இருபதில் ஒன்று 'மா', எண்பதில் ஒன்று 'காணி', முந்நூற்றிருபதில் ஒன்று 'முந்திரி' என்றும் அவர் சொல்லச் சொல்ல மகன் வியந்து கேட்டுக்கொண்டிருந்தான். தமிழைப் பெற்றோருக்காகப் படிக்கும் பாடம் என்று கருதியவன், அம்மொழிக்குள் பின்னப் பெருக்கம் ஒளிந்திருப்பதை அன்று கண்டான். அதன் பின்னர் தமிழ்ப் பள்ளிக்குப் போக அவனை நான் வற்புறுத்தியதில்லை.

பெற்றோருக்கு என் பட்டறிவிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, பிள்ளையைத் திரையின் முன் தனியே விட்டுச் செல்லாதீர்கள், வாரத்தில் அரைமணி நேரமாவது அருகே அமருங்கள். உங்களுக்குக் கணிதம் தெரியாவிட்டாலும் 'இதை எனக்கு விளங்கப்படுத்து' என்று கேட்கத் தெரிந்தால் போதும். இரண்டாவது, விடை தரும் கருவியைப் பிள்ளை தானாக முயன்று பார்த்த பின்னரே திறக்க வேண்டும். மூன்றாவது, நோர்வேயின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் மத்தமத்திக் தளம் போன்ற இந்நாட்டு வளங்களை அறிந்துகொள்ளுங்கள், பிள்ளையின் பாடத்திட்டத்திற்கு அவையே நெருக்கமானவை. 2020 இலையுதிர் காலம் முதல் நிரலாக்கமும் கணிதப் பாடத்தின் ஓர் அங்கமாகிவிட்டது என்பதையும் மறவாதீர்கள். நான்காவது, இணையத்தோடு நின்றுவிடாதீர்கள். டைக்மன் நூலகமும் செஞ்சிலுவைச் சங்கமும் வீட்டுப்பாட உதவி வழங்குகின்றன. அங்கே ஒரு மனிதர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பார்.

மனிதர் என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. ஒஸ்லோவில் அரச மாளிகைப் பூங்காவில், விகெலான்ட் வடித்த ஒரு சிலை உயர்ந்த பீடத்தில் நிற்கிறது. அது 1802 இல் பிறந்து 1829 இல், இருபத்தாறே வயதில், காசநோயால் மறைந்த கணித மேதை நீல்ஸ் ஹென்ரிக் ஆபெலின் நினைவுச் சின்னம். ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்குப் பொதுவான அட்சரகணிதத் தீர்வுச் சூத்திரம் இல்லை என்று நிறுவியவர் அவர். 1818 இல் அவரது பள்ளிக்கு வந்த ஹொல்ம்போ என்னும் இளம் ஆசிரியர்தாம் அச்சிறுவனின் திறமையைக் கண்டறிந்து, பெரும் கணித மேதைகளின் நூல்களை அவன் கையில் கொடுத்தவர். ஆபெல் இறந்த பின் அவருடைய ஆக்கங்களைத் தொகுத்து 1839 இல் வெளியிட்டவரும் அவரே. அந்த ஆபெலின் பெயரால் நோர்வே வழங்கும் பரிசினை 2007 இல் இதே ஒஸ்லோவில் பெற்றவர், 1940 இல் சென்னையில் பிறந்த தமிழர் எஸ். ஆர். சீனிவாச வரதன், நிகழ்தகவுக் கொள்கையில் ஆற்றிய பணிக்காக. எங்கள் பிள்ளைகள் விடுமுறை நாளில் அந்தச் சிலையைக் கடந்து போகும்போது இவ்விரு பெயர்களையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

எத்துணை நல்ல கருவியும் ஒரு பிள்ளையின் கண்ணில் எழும் ஐயத்தைக் கண்டு நின்று கேட்பதில்லை. அதற்கு ஒரு ஹொல்ம்போ வேண்டும், ஒரு பெரியப்பா வேண்டும், தெரியாது என்று ஒப்புக்கொள்ளத் துணிந்த ஒரு தந்தையேனும் வேண்டும்.

இன்று என் மகள் வார இறுதிகளில் தமிழ்ப் பள்ளிக்கு வந்து, கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் உதவுகிறாள். அந்த மூன்று நிரல் கொப்பியின் படிகள் இப்போது வகுப்பில் உள்ளன. சென்ற மாதம் வாசலில் அவளுக்காகக் காத்து நின்றபோது, உள்ளே ஒரு சிறுவன் கேட்பது காதில் விழுந்தது: "அக்கா, அங்கால போனா ஏன் சைன் மாறுது?"

"நல்ல கேள்வி. இங்கை வா, ரெண்டு பேருமாப் பாப்பம்" என்றாள் மகள்.

ஆண்டு விழாக் காணும் எம் பள்ளியும், அதில் 'ஏன்' என்று கேட்கும் ஒவ்வொரு பிள்ளையும் நீடு வளர வாழ்த்தி அமைகிறேன்.